பூங்கா போர்டில் ஒரு நம்பர்

எந்த நகராட்சின்னு சொல்ல மாட்டேன். சம்பளம் இன்னும் அங்கதான் வாங்கறேன், ரிடையர் ஆக நாலு வருஷம் கீது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவுல, கூவம் ஆத்தை ஒட்டி எங்கயோன்னு வெச்சுக்குங்க. என் பேர் ஜம்புலிங்கம். வருவாய் உதவியாளர்னு மேசை மேல எழுதியிருக்கும். செய்யற வேலை இன்னான்னா, ஜனங்ககிட்ட கையெழுத்து வாங்கறது. ரோடு அகலமாவணும், கால்வாய் போவணும், எவன் ஊட்டுச் சுவராவது குறுக்க நிக்குதுன்னா, "ஜம்புவை அனுப்புங்க"ம்பாரு கமிஷனர். எனக்கு வாய் நீளம். கோவமும் ஜாஸ்தி, ஆனா அதை ஆபீஸ்ல காட்டறதில்ல.

பாருங்க, ஞானம்மாவைப் பத்தி சொல்றேன்னு உக்காந்துட்டு என் புராணத்தையே பாடிக்கினு இருக்கேன்.

ஆத்தோரம் பூங்கா ஒண்ணு கட்ட எங்களுக்கு அனுமதி வந்துச்சு. கரைப்பக்கம் பூராவும் புறம்போக்கு, அது பிரச்சினை இல்ல. இந்தப் பக்கம் பெரிய ஃபிளாட்டு கட்டினவங்க, சட்டப்படி பூங்காவுக்கு விடவேண்டிய இடத்தை நகராட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல மூணரை சென்ட்டு. பட்டா நிலம். அதுல சிமெண்ட் ஷீட்டு போட்ட ஒத்தை ஊடு. கரையோரம் இருந்த மத்த குடிசைங்களை எல்லாம் 2015 வெள்ளத்துக்கு அப்புறம் காலி பண்ணி, லாரியில ஏத்தி, எங்கெங்கயோ இருக்கற குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்கு அனுப்பிட்டாங்க. பட்டா இருந்ததால இந்த ஒரு ஊடு மட்டும் தப்பிச்சு, அக்கம்பக்கம் யாருமில்லாம தனியா நின்னுச்சு.

முதல் தடவை நான் போனப்ப கதவு சாத்தியிருந்துச்சு. செருப்பு சத்தம் கேட்டு உள்ளேர்ந்து ஒரு குரல்: "யாரு, தினகரனா?"

"இல்லம்மா, நகராட்சி."

கதவைத் திறந்தாங்க. அம்பத்தெட்டு வயசு இருக்கும். ஒல்லி, நெட்டை. தலையை இழுத்து வாரி கொண்டை. நான் யாருன்னு தெரிஞ்சதும் மொகத்துல இருந்த வெளிச்சம் அணைஞ்சது, அதை அன்னைக்கே பாத்தேன். பாத்து என்ன பிரயோஜனம்? நான் போனது கையெழுத்துக்கு.

ஞானம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு போல்ட்டு கம்பெனியில இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவங்க. செக்கிங் செக்ஷன். வர்ற பீஸ் ஒவ்வொண்ணையும் அளந்து பாத்து, எந்த மெஷின், யார் ஓட்டினது, எத்தனை மணின்னு நோட்டுல ஏத்தணும். அந்தப் பழக்கம் ஊட்லயும் வந்துடுச்சு. கேஸ் சிலிண்டர் மாத்தின நாள்லேர்ந்து பால் பாக்கெட்டு வரைக்கும் கோடு போட்ட நோட்டுல கீது. புருஷன் சின்ன வயசுலயே போயிட்டாரு. ஒரே புள்ள. அவன்தான் தினகரன்.

நான் அஞ்சு தடவை போனேன். அஞ்சு தடவையும் டீ குடுத்தாங்க, கையெழுத்து குடுக்கல. ஆறாவது தடவை எனக்குப் பொறுமை போயிடுச்சு. "இன்னாக்கா, பாம்பு வருது, வெள்ளம் வருது, கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்ல. நல்ல விலை தர்றோம்னு சொல்றோம். இந்த ஊட்ல இன்னாதான் கீது?"ன்னு கத்திட்டேன்.

அவங்க கத்தல. டம்ளரைக் கீழ வெச்சுட்டு சொன்னாங்க. "என் புள்ளைக்கு இந்த ஊடு மட்டுந்தான் தெரியும் நைனா."

அவங்க சொன்னாங்க, அந்தக் காலத்துல தினகரன் ஐடிஐல சேந்திருக்கான். இவங்க காலைல அஞ்சு மணிக்கு எழுந்து சோறாக்கி டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுத்துட்டு ஷிப்டுக்குப் போவாங்க. அவனும் பாக்ஸை எடுத்துக்கினு கிளம்புவான். நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவன் ஐடிஐ பக்கமே போவல, அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்து அந்தச் சோத்தைத் தின்னுட்டு வந்துகினு இருந்திருக்கான்னு. "படிக்கலன்னு எனக்குக் கோவம் இல்ல ஜம்பு. நாலு மாசம் என் கையால கட்டின சோத்தை வெச்சுக்கினே என்னை ஏமாத்திட்டானேன்னுதான் வயிறு எரிஞ்சுது"ன்னாங்க. பாக்ஸைத் தூக்கி வாசல்ல எறிஞ்சு, "இனிமே இந்த வாசப்படி ஏறாத"ன்னு சொல்லியிருக்காங்க. பத்தொம்பது வயசுப் பையன். ஏறல. அது 2011.

கோவம் வந்தா எல்லா அம்மாவும் சொல்றதுதான். எங்கம்மா என்னை வாரத்துக்கு ஒரு தடவை ஊட்டை விட்டுத் துரத்துவாங்க, நான் சாயந்திரம் சாப்பாட்டுக்குக் கரெக்டா வந்துடுவேன். இவன் ரோஷக்காரன்.

ஆனா போன் பண்ணுவானாம். பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர். "நான்தாம்மா. நல்லாகீறேன்." அவ்ளோதான், வெச்சுடுவான். "வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனே வருட்டுமேன்னு வீம்பு"ன்னாங்க. 2015 வெள்ளத்துல கழுத்தளவு தண்ணி. போன் போச்சு, அவன் நம்பரை எல்லாம் எழுதி வெச்சிருந்த நோட்டும் போச்சு. சிம்மு கம்பெனி சூப்பர்வைசர் பேர்ல வாங்கினது, அந்த மனுஷன் அதுக்குள்ள செத்துட்டாரு. பழைய நம்பர் திரும்பக் கிடைக்கவே இல்ல. அத்தோட அவன் குரலும் நின்னுச்சு. போலீஸ்ல கேட்டா, கோவிச்சுக்கினு போன வளந்த புள்ளையை நாங்க எங்கம்மா தேடறதுன்னுட்டாங்க. கம்பெனியில கூட வேலை பாத்த நிவேதிதான்னு ஒரு பொண்ணு ஃபேஸ்புக்ல தேடிப் பாத்துது. தினகரன்னு தட்டினா ஊர்ப்பட்ட தினகரன் வரானுங்க.

"அவன் எப்பனா திரும்பி வந்தா இங்கதான் வரணும். கேக்கறதுக்கு அக்கம்பக்கம் ஒரு ஆள் இல்ல, எல்லாரையும் நீங்க லாரில ஏத்தினு போய்ட்டீங்க. ஊட்டையும் இடிச்சுட்டா அவன் யாரைப் போய் கேப்பான்?"

எனக்கு வாய் நீளம்னு சொன்னேன்ல, பதில் இல்லாதப்பவும் அது பேசும். "அக்கா, பார்க்குன்னா வாசல்ல பெருசா போர்டு வைப்போம். அதுல உங்க போன் நம்பரை எழுதிடலாம். வர்றவன் கண்ணுல பட்டுத்தான் ஆவணும்"னேன்.

"எழுத்துல குடுப்பியா?"

குடுத்தேன். சம்மதக் கடிதத்துல கடைசியா என் கையாலயே ஒரு வரி சேத்தேன்: 'பூங்கா அறிவிப்புப் பலகையில் மேற்படியாரின் கைபேசி எண் எழுதப்பட வேண்டும்.' மேல யாரும் அதைப் படிக்கல. படிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு எனக்கு வேண்டியது கையெழுத்து, அது கிடைச்சுது.

பத்திரம் பதிஞ்சு, பணம் வந்து, அவங்க வெள்ளானூர்ல ஒரு மாடி ரூமுக்குப் போயிட்டாங்க. ரெண்டு பஸ் மாறணும். அங்கயும் அவங்களுக்கு யாரையும் தெரியாது. இங்க ஊட்டை இடிக்க ஜேசிபிக்கு அரை மணி நேரம் ஆச்சு. சமையலறை இருந்த இடத்துலதான் இப்ப அந்த எட்டு வடிவ நடைபாதை கீது. காலைல ஃபிளாட்டு ஆளுங்க அதுல எட்டு எட்டா சுத்திச் சுத்தி சர்க்கரையைக் குறைக்கறாங்க.

போர்டு எழுத உத்தமனைக் கூப்ட்டேன். எங்க ஆபீஸ் போர்டு பூரா அவன் எழுத்துதான். வாசகத்தை டைப் அடிச்சுக் குடுத்தேன்: திறக்கும் நேரம், மூடும் நேரம், பூப் பறிக்காதீர், எச்சில் துப்பாதீர், கடைசியா 'புகார்களுக்கு'ன்னு போட்டு ஆபீஸ் நம்பருக்கு இடம் விட்டிருந்துச்சு. கூடவே ஞானம்மா நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதி, "இதையும் போட்டுடு"ன்னேன். அந்த வெயில்ல அவன் யோசிப்பானா? காலியா இருந்த இடத்துல, கையில இருந்த நம்பரை எழுதிட்டான். புகார்களுக்கு, பக்கத்துல ஞானம்மா நம்பர். ஒவ்வொரு எண்ணும் சாண் உயரம். பேர் கூட இல்ல.

நான் பாத்தேன். திருத்தணும்னு நெனைச்சேன். மறுநாள் திறப்பு விழா, பந்தல்காரன் ஒரு பக்கம், மைக்செட்டுக்காரன் ஒரு பக்கம். நம்பர் இருக்குல்ல, போதும்னு விட்டுட்டேன்.

திறந்த மறுநாள் காலைல அஞ்சே முக்காலுக்கு அவங்களுக்கு முதல் போன். ஆறு வருஷமா புது நம்பர்ல கம்பெனிக்காரங்க விளம்பரத்தைத் தவிர ஒண்ணும் வந்ததில்ல. எடுத்த எடுப்புல, "யாரு, தினகரனா?"

"மேடம், டாய்லெட் பூட்டியிருக்கு மேடம்."

என்னைக் கூப்ட்டு கிழிகிழின்னு கிழிப்பாங்கன்னு பயந்துகினு இருந்தேன். கூப்ட்டாங்க. "ஜம்பு, டாய்லெட் சாவி யாராண்ட கீது? ஒரு பெரியவர் தவிக்கறாரு பாவம்." அவ்ளோதான்.

அப்புறம் தினமும் பத்து, இருபது போன். ஏழாவது கம்பத்துல லைட்டு எரியல. ஊஞ்சல் சங்கிலி அறுந்துடுச்சு. நாய் குட்டி போட்டுக்கீது. ஞானம்மா புது நோட்டு வாங்கி கோடு போட்டாங்க: தேதி, மணி, பேர், போன் நம்பர், புகார், என்ன செஞ்சது. செக்கிங் செக்ஷன் மாதிரியே. ஒவ்வொண்ணையும் எனக்குச் சொல்லி, நான் ஆள் அனுப்பற வரைக்கும் விட மாட்டாங்க. "இன்னா ஜம்பு, ஏழாவது கம்பம் இன்னும் உன் பாக்கெட்லயே கீதா?"ம்பாங்க. சத்தியமா சொல்றேன், எங்க நகராட்சியிலயே ஒழுங்கா இருந்த பார்க்கு அது ஒண்ணுதான். அவங்க குரலே மாறிடுச்சு. சிரிக்கறதை போன்லயே கேக்கலாம். ஒரு நாள் சொன்னாங்க, "காலைலேர்ந்து யார்னா பேசறாங்க ஜம்பு. ரூம்ல எதிரொலி இல்ல."

ஆனா யார் பண்ணாலும் முதல் வார்த்தை அதேதான். யாரு, தினகரனா? நடைபயிற்சிக்காரங்க, தினகரன்னா பார்க்கு ஆபீசர் பேர்னு முடிவு பண்ணிட்டாங்க. ஃபிளாட்டு சங்கத் தலைவர் சரவணக்குமார் எங்க ஆபீசுக்கே ஒரு கடுதாசி போட்டாரு, 'உயர்திரு தினகரன் அவர்களின் சிறப்பான பணிக்கு நன்றி'ன்னு. நான் அதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டி சிரிச்சேன். அவங்க சிரிக்கல. "அதைக் குடு"ன்னு வாங்கி மடிச்சு நோட்டுல வெச்சுக்கினாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

ஒரு வருஷம் இப்படிப் போச்சு. அப்புறம் மேலேர்ந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தாரு. போர்டைப் பாத்தாரு, புகார் நம்பர் வேலை செய்யுதான்னு அவரே அழுத்தினாரு.

"யாரு, தினகரனா?"

அவர் மொகம் போன போக்கை நான் சொல்ல வேணாம். நகராட்சிப் புகார் நம்பர்னு யாரோ ஒரு அம்மாவோட சொந்த நம்பரான்னு எனக்கு மெமோ. நான் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். பாருங்க சார், இது நிபந்தனை, இதை ஒத்துக்கினுதான் நிலத்தையே வாங்கினோம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா அந்த வரியை யார் அனுமதி இல்லாம எழுதினது? நான். பென்ஷன் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அன்னைக்கு சாயந்திரமே உத்தமன் அந்த நம்பரை அழிச்சுட்டு ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரை எழுதினான். கீழ ஒரு ஓரத்துல அவங்க நம்பரைச் சின்னதா போடச் சொல்லியிருக்கலாம். அதுக்கும் பயந்தேன்.

அவங்ககிட்ட சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு மூணு வாரம் ஓட்டிட்டேன்.

நாலாவது வாரம் பார்க்குக்கு வேற வேலையாப் போனா, போர்டுக்கு எதிர் பெஞ்சுல ஞானம்மா உக்காந்திருக்காங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. நோட்டு மடியில கீது.

"போன் ரிப்பேர்னு நெனைச்சுட்டேன் ஜம்பு. கடையில குடுத்து ரெண்டு தடவை பாத்தேன். நல்லாத்தாங்கீதும்மான்னான் கடைக்காரன். சார்ஜர் கூட புதுசு வாங்கினேன்."

"மேல சொல்லிட்டாங்கக்கா..."

"சரி வுடு."

திட்டியிருந்தா தேவலை. அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் வருவாங்க. காலைல சீக்கிரமே வருவாங்க, ஒன்பது மணிக்கு பார்க்கை மூட வாட்ச்மேன் விசில் ஊதினா எழுந்து போவாங்க. சின்ன வயசு ஆம்பளை எவனாவது வாசல்ல தயங்கி நின்னா எழுந்து கிட்ட போய் மொகத்தைப் பாப்பாங்க. அந்தப் பசங்க ஒரு மாதிரி ஒதுங்கிப் போவும். ஃபிளாட்டு ஆளுங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது. ஒரு வருஷம் அவங்ககிட்டதான் லைட்டு, தண்ணி, நாய்னு எல்லாத்தையும் சொல்லிக்கினு இருந்தாங்க, ஆனா மொகம் தெரியாதே. பெஞ்சுல யாரோ ஒரு அம்மா உக்காந்துக்கீதுன்னு தாண்டிப் போவாங்க.

இப்ப சொல்லப் போறது என் வாயால சொல்லக் கூடாதது. ஆனா சொல்லித்தான் ஆவணும்.

போன மாசம் தணிக்கைக்காக புகார் ரிஜிஸ்டரை எல்லாம் எடுத்து வெச்சேன். பார்க்குப் பக்கத்தைப் புரட்டினா, தை மாசம் ஒரு செவ்வாக்கெழமை, சாயந்திரம் நாலு நாப்பது. போன் எடுக்க ஒப்பந்தத்துல வெச்சிருந்த பொண்ணு குண்டு குண்டா எழுதியிருக்குது:

'பூங்கா உள்ள இடத்தில் தங்கள் வீடு இருந்ததாகவும், தன் தாயார் எங்கே என்றும் கேட்கிறார். நகராட்சிக்குத் தொடர்பில்லை. முடிக்கப்பட்டது.'

பக்கத்துக்கு அடியில என் கையெழுத்து. பார்க்குப் புகாரெல்லாம் என் பொறுப்பு, வாரக் கடைசியில நாப்பதை ஒண்ணாப் பிடிச்சு, படிக்காம, கையெழுத்துப் போடுவேன். எங்க ரிஜிஸ்டர்ல தேதி, நேரம், புகார், நடவடிக்கைன்னு நாலு கட்டம்தான். கூப்பிட்டவன் நம்பர் எழுதக் கட்டமே கிடையாது. லேண்ட்லைன் பழசு, அதுல நம்பர் தெரியாது.

அந்தப் பொண்ணு வேலையை விட்டுடுச்சு. தேடிப் பிடிச்சு போன் பண்ணேன். "ஒரு நாளைக்கு அறுபது கால் சார், எப்படி ஞாபகம் இருக்கும்?"னுச்சு. அப்புறம், "ஆங், ஒருத்தர் திரும்பத் திரும்ப எங்கம்மா எங்கம்மான்னாரு சார். குடிச்சிருக்காருன்னு நெனைச்சேன். எதுனா தப்பாயிடுச்சா சார்?"

டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். போலீஸ் லெட்டர் இல்லாம எதையும் தர முடியாது, அதோட அவ்ளோ பழைய பதிவு இருக்குமான்னே தெரியாதுன்னாங்க. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அப்புறம் ரிஜிஸ்டர் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கினு வெள்ளானூருக்குப் போனேன்.

படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. நான் அழுதுட்டேன், ஒளிக்கல. அவங்க எழுந்து போய் நோட்டை எடுத்தாந்து, கண்ணாடியைப் போட்டுக்கினு, பேனா மூடியைத் திறந்தாங்க.

"தேதி சொல்லு."

சொன்னேன்.

"மணி?"

"நாலு நாப்பது."

பேர்ங்கற எடத்துல தினகரன்னு எழுதினாங்க. அந்த நோட்டுல அந்தப் பேர் ஏறுனது அதுதான் முதல் தடவை.

"நம்பர்?"

"இல்லக்கா."

பேனா அங்கயே நின்னுச்சு. அப்புறம் அடுத்த கட்டத்துக்குப் போயி, புகார்ங்கற எடத்துல 'அம்மா எங்க'ன்னு எழுதினாங்க. 'என்ன செஞ்சது'ங்கற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்தாங்க. இத்தனை வருஷத்துல அவங்க என்கிட்ட குரலை உசத்தினது அன்னைக்குத்தான்.

"யாரைக் கேட்டு முடிச்சீங்க? ஆங்? என் புள்ள கேட்டதை யாரைக் கேட்டுடா முடிச்சீங்க?"

கீழ் ஊட்டு ஆளுங்க மாடிப்படியில வந்து நின்னு பாத்தாங்க. என் நீளமான வாய் அன்னைக்கு ஒண்ணுத்துக்கும் ஆவல.

மறுநாள் உத்தமனைக் கூப்டல. நானே பெயிண்டு டப்பாவோட போய், கோணல்மாணலா அவங்க நம்பரை போர்டுல பெருசா எழுதினேன். இந்தத் தடவை பேரோட: 'தினகரன், அம்மா நம்பர்.' இன்னொரு மெமோ வரட்டும், வாங்கிக்கறேன். இன்னும் வரல.

அதுலேர்ந்து அவங்களுக்கு மறுபடியும் போன் வருது. லைட்டு, தண்ணி, நாய். சில பேர் சும்மா, யாரும்மா அந்த தினகரன்னு கேக்கறாங்களாம். எல்லாத்தையும் நோட்டுல ஏத்தறாங்க. நானும் நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா, எப்படிக் கீறீங்கன்னு கேக்கப் போன் பண்ணிக்கினு இருந்தேன். பாதி ரிங்குலயே எடுப்பாங்க.

"யாரு, தினகரனா?"

"இல்லக்கா. ஜம்பு."

"ஓ." ஒரு மூச்சு. "சொல்லு நைனா."

இப்ப நான் போன் பண்றதில்ல. எதுனா சொல்லணும்னா ரெண்டு பஸ் மாறி நேர்ல போயிடறேன்.